மதகுக்காரியின் நாக்கு

என் அண்ணன் சைரஸைப் புதைத்த மறுநாள் காலை, அவனுடைய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அண்ணி ஆற்றங்கரைக்குக் கிளம்பினாள். பூட்ஸ் அவள் காலுக்கு மிகப் பெரியது. உள்ளே கந்தல் துணியைத் திணித்திருந்தாள். துக்கத்துக்கு வந்த உறவுக்காரர்கள் காலை ஆகாரத்தைக்கூட முடிக்கவில்லை.

"எங்க போற அண்ணி?" என்று கேட்டேன்.

"தண்ணி ஏறிட்டிருக்கு. மதகத் தூக்கணும்."

"இன்னிக்குமா?"

"ஆத்துக்கிட்ட லீவு கேட்டேன், தரலன்னுடுச்சு" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாத்தனார் என்றால் அந்த அளவு உரிமையாவது வேண்டாமா? ஆனால் அன்றிலிருந்து இருபத்து மூன்று வருடம் லாரல் பெண்ட் தோட்டத்தின் நான்கு மதகுகளும் ஓராபெல் டீஸ் என்ற அந்த ஒருத்தியின் கையில்தான் இருந்தன. அவளை யாரும் அந்த வேலைக்கு வைக்கவில்லை. நியூயார்க்கில் இருந்த தோட்டத்துச் சொந்தக்காரருக்கு சைரஸ் செத்த செய்தியே எட்டு மாதம் கழித்துத்தான் போனது. வாத்து சுடுவதற்காக இறங்கியவர், "மதகுகளை சைரஸ் அருமையாக வைத்திருக்கிறான்" என்று மெச்சிக்கொண்டார். "அவன் கல்லறையில இருக்கான், சார். மதகுல நான் இருக்கேன்" என்றாள் அண்ணி. அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு படகில் ஏறினார். அதுதான் அவளுக்குக் கிடைத்த வேலை உத்தரவு.

மதகு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். தெற்கு கரோலினாவில் எங்கள் பக்கத்து ஆறுகள் கடலோடு சேர்ந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். கடல் ஏறும்போது ஆற்றின் நல்ல தண்ணீரை அது பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வரும். கரைக்கு அடியில் சைப்ரஸ் பலகையால் செய்த முப்பதடி நீளப் பெட்டி ஒன்று ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும். அதன் இரு முனையிலும் கதவு. ஆற்றுப் பக்கக் கதவைத் தூக்கினால் ஏறுகிற தண்ணீர் தானே வயலுக்குள் போகும். ஆறு இறங்கும்போது உள்கதவு தானே சாத்திக்கொண்டு தண்ணீரை உள்ளே பிடித்துவைக்கும். வயலைக் காயவிட வேண்டுமென்றால் இதையே தலைகீழாகச் செய்தால் போதும். இயந்திரம் கிடையாது, மாடு கிடையாது. எப்போது தூக்குவது, எப்போது இறக்குவது என்ற புத்தி மட்டும் வேண்டும்.

அந்தப் புத்தி, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவந்த எங்கள் ஆட்களுடையது. இதைச் சொல்லாமல் நான் எதையும் சொல்வதில்லை. தோட்டத்துத் துரைமார் வாழ்ந்த பெரிய வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது என் வேலை. வடக்கத்திச் சொந்தக்காரர் போன பிறகு ஓர் அறக்கட்டளை தோட்டத்தை வாங்கி, 1979-இல் வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதுவரை அதே வீட்டில் பத்தொன்பது வருடம் சமைத்தவள் நான். பின்வாசல் வழியாகவே நுழைந்து பழகிய எனக்கு முன்வாசலில் நின்று வரவேற்கிற உத்தியோகம் கிடைத்தது. கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். வீட்டின் செங்கல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது என்று அதில் எழுதியிருந்தது. தாளை மடித்து அடுப்பில் போட்டேன். செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம் குளத்துக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது, மழை பெய்தால் நிறையும். படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஐந்து கற்களில் சின்ன விரல்களின் தடம் இருக்கிறது. ஈரக் கல்லைத் திருப்பிப் போடுகிற வேலையை அடிமைப் பிள்ளைகளுக்குத்தான் கொடுத்தார்கள். வருகிறவர்களை அந்தத் தடத்தில் தங்கள் விரலை வைத்துப் பார்க்கச் சொல்வேன். பெரியவர்களின் விரல் அதில் பொருந்தாது. அதற்குப் பிறகு இங்கிலாந்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

வீடு 1836-இல் கட்டியது. அதன் முகம் சாலையைப் பார்க்காமல் ஆற்றைப் பார்க்கும், ஏனென்றால் துரைமார்களும் அவர்களுடைய அரிசியும் போனதும் வந்ததும் படகில். கீழ்த்தளம் செங்கல், மேலே இரண்டு மாடி மரம், ஆற்றுப் பக்கம் பத்துத் தூண்கள். தூண்களைத் தட்டினால் தகரம் போல ஒலிக்கும். உள்ளே ஒன்றும் இல்லை, மேலே சுண்ணாம்பு பூசிப் பளிங்கு மாதிரி காட்டியிருக்கிறார்கள். ஒன்றில் தேனீ கூடு கட்டியிருக்கிறது. எல்லோரும் தூண்களைத்தான் படம் எடுப்பார்கள். நான் அவர்களைத் திருப்பி நிறுத்தி வயலைக் காட்டுவேன்.

"அங்க தெரியுதே கரை, அதப் பாருங்க. இந்தத் தோட்டத்துல மட்டும் பதினோரு மைல். சதுப்புக் காட்டுல இடுப்பளவு சேத்துல நின்னு, மரத்த வெட்டி, வேரப் பிடுங்கி, மண்வெட்டியால அள்ளிப் போட்டது. எங்க பாட்டன் முப்பாட்டன் போட்டது. நெல்லு தெரிஞ்ச ஆளுங்க வேணும்னு ஆப்பிரிக்காவுல தேடித் தேடிப் பிடிச்சு, கப்பல்ல கட்டி, விலைக்கு வாங்குன துரைக்கு நெல்லப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. அந்தக் கரை வெளைஞ்சதுலதான் இந்த வீடு வந்துச்சு. கட்டடம்னா அதுதான் கட்டடம். இந்த வீடு அதோட கொசுறு."

இப்படிப் பேசினால் சிலர் முகம் சுளிப்பார்கள். மேலாளர் டிராப்னெல் முதல் வாரம் என்னைக் கூப்பிட்டு, கொஞ்சம் மென்மையாகச் சொல்லக்கூடாதா என்று கேட்டார். "சேறு மென்மையாத்தான் சார் இருந்துச்சு" என்றேன். அதற்குப் பிறகு அவர் தலையிடவில்லை. நல்ல மனிதர். அண்ணியை 'மிஸஸ் டீஸ்' என்று அழைத்த முதல் வெள்ளைக்காரர் அவர்தான். அறுபத்து நான்கு வயதுவரை வெறும் ஓராபெல்லாக இருந்தவள் அதைக் கேட்ட அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, மூன்று முறை அதைச் சொல்லிக் காட்டினாள்.

1911 புயலுக்குப் பிறகு எங்கள் ஆற்றில் நெல் கிடையாது. வாத்துக்காக மட்டும் கரைகளையும் மதகுகளையும் காப்பாற்றி வந்தார்கள். 1983-இல் டிராப்னெல்லுக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டின் எதிரே இருக்கிற ஆறு ஏக்கரில் பழைய நெல்லைப் போட்டு வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்றார். அறக்கட்டளையில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. வண்டிகளை நிறுத்த இடம் போதவில்லை, கரையை வெட்டிச் சமன்செய்து அந்த ஆறு ஏக்கரை மேடாக்கிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. கடைசியில் ஒரே ஒரு போகம் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். விளைந்தால் வயல், விளையாவிட்டால் தார் போட்ட மைதானம்.

டிராப்னெல் இதை அண்ணியிடம் சொன்னபோது நானும் இருந்தேன். அவள் வயலோரத்துக் கரையைக் கைகாட்டினாள்.

"அந்தக் கரைய வெட்டப் போறாங்களா?"

"விளையலன்னா, மிஸஸ் டீஸ்."

"வெளையும். தண்ணிக்கு நான் பொறுப்பு. ஆனா முதல் அரிசி எங்க சர்ச்சோட அறுவடை விருந்துக்கு. அதுக்கப்புறம்தான் உங்க ஆளுங்க."

அவர் கை நீட்டினார். அவள் குலுக்கினாள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கருவி வரவழைக்கட்டுமா, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அது காட்டும் என்றும் கேட்டார். அண்ணி நாக்கை வெளியே நீட்டிக் காட்டினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நாக்கு விஷயம் இதுதான். மழை குறைந்த கோடையில் ஆறு இளைத்துவிடும். அப்போது கடல் உள்ளே ஏறும். நெல்லுக்கு உப்பு பட்டால் முடிந்தது கதை. அதிலும் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பட்டால் வெறும் பதர்தான். அதனால் மதகுக்காரர்கள் கதவைத் தூக்குமுன் மூன்று விரலை ஆற்றில் நனைத்து நக்கிப் பார்ப்பார்கள். நல்ல தண்ணீர் என்றால் தூக்குவார்கள். துளி கரித்தாலும் தொடமாட்டார்கள். எங்கள் அண்ணிக்கு அந்த நாக்கு அப்படி ஒரு நாக்கு. இன்றைக்குக் காற்று தெற்கே திரும்பியிருக்கிறது, சாயங்காலம் உப்பு வரும் என்று காலைத் தண்ணீரிலேயே சொல்லிவிடுவாள். பார்வையாளர்களைக் கரைக்கு அழைத்துப் போய் அவள் நக்கிப் பார்ப்பதைக் காட்டுவது டிராப்னெல்லுக்குப் பெருமை. காமிராக்கள் கிளிக் கிளிக் என்னும். அவள் விரலை எடுத்து, கண்ணை மூடி, ஒரு ராணி மாதிரி நின்று, "நல்ல தண்ணி" என்பாள். வேண்டுமென்றே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வாள். நடிப்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

ஏப்ரலில் விதைத்தார்கள். மே மாதம் பச்சை தெரிந்தது. ஜூனில் அண்ணிக்கு மயக்கம் வந்தது. ரத்த அழுத்தம் என்று டாக்டர் புது மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. முன்னைவிட வேகமாக நடந்தாள். சமையல்தான் கெட்டது.

முதலில் அதை நான் வயசுக் கோளாறு என்று நினைத்தேன். ஜூலையில் சர்ச்சுக்கு அவள் கொண்டுவந்த தக்காளிச் சோற்றை வாயில் வைத்த டீக்கன் மோசஸ் நான்கு டம்ளர் தண்ணீர் குடித்தார். ஜெபத்தைக்கூடச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். அண்ணி கவனிக்கவில்லை, தன் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, சோத்துல கடலயே கவுத்துட்டியா?" என்றேன்.

"உன் நாக்கு பெரிய வீட்டுச் சாப்பாடு ருசி கண்ட நாக்கு. ஏழை வீட்டுச் சோறு கரிக்கத்தான் செய்யும்."

"டீக்கன் கெணத்தக் குடிச்சிட்டு நிக்கறாரு, பாரு."

"அவருக்கு எப்பவுமே தாகம்தான். எதுக்குத் தாகம்னு ஊருக்கே தெரியும்" என்றாள். டீக்கன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இரண்டு கிண்ணத்தில் வெண்டைக்காய் சூப் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஒன்றில் ஒரு கல் உப்புகூடப் போடவில்லை. இன்னொன்றில் ஒரு கைப்பிடி போட்டிருந்தேன், நாய்கூட நக்காது. எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். இரண்டையும் குடித்தாள்.

"ரெண்டும் ஒரே சட்டிதானே? இதுல என்ன போட்டி?" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நாற்பது வருடம் சமையலில் என்னை மட்டம் தட்டியவள். அடுத்த சர்ச் விருந்தில் எல்லோர் முன்னாலும் இதை எடுத்துவிடலாம் என்று வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். சட்டியைத் தவிர எனக்கு வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

அந்த ஆகஸ்டில் மூன்று வாரமாக மழை இல்லை. கதிர் வெளியே வந்து பால் பிடிக்கத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆற்றுப் பக்கத் தாழ்வாரத்தில் இருபது பேரை நிறுத்தி, வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தேன்.

"அதோ மதகுக்குப் பக்கத்துல நிக்கறாங்களே, அவங்கதான் மிஸஸ் டீஸ். எந்தக் கருவியும் வச்சுக்கறதில்ல. வெறும் நாக்கால..."

அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. தூரத்தில் மதகுக் கதவு மேலே தூக்கி நின்றது. வயலுக்குள் தண்ணீர் போவது பளபளவென்று தெரிந்தது. ஒரு பெண் என்னிடம் ஏதோ கேட்டாள். நான் அதற்குள் படியிறங்கிவிட்டேன்.

என் வலது முட்டி என் பேச்சைக் கேட்காது. கரை கால் மைல் தூரம். அன்றைக்கு அந்தக் கால் மைலை எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியாது. அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன லுவீனியா, வீட்டுல தீப்பிடிச்சிருச்சா?"

நான் குனிந்து கையை நனைத்து நாக்கில் வைத்தேன். என் சந்தேகம் தப்பாகப் போகட்டும் என்று அவ்வளவு தூரமும் வேண்டிக்கொண்டு வந்திருந்தேன். கரித்தது.

"மூடு அண்ணி. உப்பு."

"நல்ல தண்ணி. இப்பத்தான் பார்த்தேன்."

"உன் நாக்குக்குத் தெரியல. மூடு."

"என் நாக்கப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?" அவள் குரல் ஏறியது. "அடுப்படியிலேயே கெடந்தவளுக்கு ஆத்தப் பத்தி என்ன தெரியும்? போய் உன் தூணக் காட்டு, போ."

"சனிக்கிழமை ரெண்டு கிண்ணம் குடிச்சியே, ஒரே சட்டின்னியே. ஒண்ணுல உப்பே கெடையாது. இன்னொண்ணுல ஒரு கை உப்பு. நான்தான் போட்டேன். உன்னக் கேலி பண்ணத்தான் போட்டேன்."

அவள் மண்டியிட்டு, உள்ளங்கை நிறைய ஆற்றுத் தண்ணீரை அள்ளி, வாயில் வைத்துக் கொப்பளித்தாள். துப்பினாள். மறுபடி அள்ளினாள். மூன்றாவது தடவை அள்ளிய தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிப் போக, கையை அப்படியே வைத்திருந்தாள்.

"ஜூன்லேருந்து சாப்பாடு மண்ணு மாதிரிதான் இருக்கு. வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். "ஆத்துக்கும் அதே நாக்குதான்னு எனக்குத் தோணவேயில்லையே, லுவீனியா."

ஜூனிலும் ஜூலையிலும் ஆறு உண்மையாகவே நல்ல தண்ணீராக இருந்திருக்கிறது. செத்த நாக்கு தினமும் 'நல்ல தண்ணி' என்றது, தினமும் அது சரியாகவே இருந்தது. முதல் முறையாக அது தப்பாகப் போன நாள் அந்தத் திங்கட்கிழமை.

அவள் எழுந்து இரண்டு கையாலும் கதவை இறக்கினாள். வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அது வடிய ஆறு இறங்க வேண்டும். மதியம் ஒரு மணிக்கு முன்னால் ஒரு சொட்டு வெளியே போகாது. வடிந்தாலும் மண்ணில் உப்பு நிற்கும். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், ஆற்றில் அது இல்லை.

"கொளம்" என்றாள் அண்ணி.

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பெரிய குளத்தைச் சொன்னாள். ஆற்றோரம் பயிர் வைக்கத் தொடங்குமுன், 1760-களிலேயே, மழைத் தண்ணீரைத் தேக்க எங்கள் ஆட்கள் வெட்டியது. வீட்டுக்கும் எழுபது வருடம் மூத்தது. அதன் மதகு முப்பது வருடமாகத் திறக்கவில்லை, ஏனென்றால் குளம் இப்போது வாத்துக்கானது. நவம்பரில் அறக்கட்டளைப் பெரிய மனிதர்கள் துப்பாக்கியோடு வருவார்கள். வருடத்தில் அவர்கள் இங்கே சந்தோஷமாக இருப்பது அந்த இரண்டு நாள்தான்.

"வறட்சியில ஆறு கெட்டுப்போச்சு, உப்பு தானா கசிஞ்சு வந்துடுச்சுன்னு டிராப்னெல்கிட்ட சொல்லு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். அவளைக் காட்டிக்கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

"கசிஞ்சு வந்ததுன்னா நாளைக்குப் பார்த்துக்கலாம்பான். என் கையால தொறந்து விட்டேன்னு சொன்னாத்தான் இன்னிக்கே கொளத்தத் தருவான்" என்றாள். பூட்ஸைக் கழற்றி, உள்ளே போன தண்ணீரைக் கொட்டி, மறுபடி மாட்டிக்கொண்டு நடந்தாள்.

ஆற்றுப் பக்கப் படிகள் பதினாறு. அவள் பிறந்தது இந்த வீட்டுக்குப் பின்னால், பழைய அடிமைக் காலத்துக் குடிசை வரிசையில். அந்தப் படிகளைத் துடைத்திருக்கிறாள், ஏறி உள்ளே போனதில்லை. அன்றைக்குச் சேற்றோடு ஏறினாள். நான் விட்டுவிட்டுப் போன இருபது பேரும் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். டிராப்னெல் அவர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இதோ அவங்களே வந்துட்டாங்க. மிஸஸ் டீஸ், இன்னிக்குத் தண்ணி எப்படி?"

காமிராக்கள் எழும்பின.

"உப்பு, மிஸ்டர் டிராப்னெல். நான் வயலுக்குள்ள விட்டுட்டேன். என் நாக்கு செத்துப்போச்சு, ஜூன்லயே செத்திருக்கு. எனக்குத் தெரியல, இவதான் கண்டுபிடிச்சா. கொளத்துத் தண்ணி வேணும், இன்னிக்கே வேணும். வயல ரெண்டு தடவ கழுவினா பெரும்பாகம் பொழைக்கும்."

அவ்வளவுதான். சாக்கு ஒன்று இல்லை, குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. காமிராவை எடுத்தவர்கள் அதைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

டிராப்னெல் அவளை நோக்கி ஓரடி வைத்தார். "குளத்தைத் தொட எனக்கு அதிகாரம் இல்லையே, மிஸஸ் டீஸ். நவம்பருக்கு வாத்து..."

"அதிகாரம் இல்லன்னா பரவாயில்ல. கடப்பாரை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்கள்ட்ட கை குலுக்கியிருக்கேன், சொல்லாம எடுக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்."

நானும் சும்மா இருக்கவில்லை. இருபது பேரையும் பார்த்து, அந்தக் குளம் யார் வெட்டியது, எத்தனை வருடத்துக்கு முன்னால், எதற்காக என்று முழுவதையும் சொன்னேன். வாத்துக்காக வெட்டியது இல்லை என்பதை இரண்டு முறை சொன்னேன். அயோவாவில் சோளம் போடுகிறவராம் ஒரு கிழவர், டிராப்னெல்லிடம் திரும்பி, "பயிர் நிக்குது, தண்ணி இருக்குது. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று கேட்டார்.

டிராப்னெல் கோட்டைக் கழற்றினார். "ஒரு கடப்பாரை போதுமா?" என்று கேட்டார்.

போதவில்லை. டீக்கன் மோசஸும் சர்ச்சிலிருந்து ஆறு பேரும் வந்து, துரு ஏறிய ஆணிகளைப் பிடுங்கிக் குளத்து மதகைத் தயாராக்கினார்கள். அந்த அயோவாக்காரரும் சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஒரு மணிக்கு மேல் ஆறு இறங்க, அண்ணி வயலை வடித்தாள். நான்கு மணிக்குக் குளத்தைத் திறந்தார்கள். பாசி வாடையோடு பழுப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஓடிவந்தது. அண்ணி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து விரலை நனைத்து நக்கினேன்.

"நல்ல தண்ணி" என்றேன்.

மறுநாள் இரண்டாவது முறை கழுவியபோது குளத்தின் அடிச்சேறு தெரிந்தது. அந்த நவம்பரில் வாத்து வரவில்லை. பெரிய மனிதர்களின் கோபத்தை டிராப்னெல் எப்படிச் சமாளித்தார் என்று அவர் எங்களிடம் சொன்னதில்லை.

நாக்கைக் கெடுத்தது அந்தப் புது மாத்திரைதான் என்று சொல்லி டாக்டர் அதை மாற்றினார். நாக்கு திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். அறுவடை வரை மிச்சமிருந்த நாளெல்லாம் ஏறுநீர் ஒவ்வொன்றுக்கும் நான் முட்டி வலியோடு கரையில் நடந்தேன். யாராவது காமிராவோடு அவளைத் தேடி வந்தால், "என்னுது செத்துப்போச்சு, இவளுதுதான் இப்ப நாக்கு. இவளப் படம் எடுங்க, அழகா நிக்கத் தெரியாது, பரவாயில்ல" என்று எல்லோரிடமும் சொன்னாள். பல்கலைக்கழகக் கருவி செப்டம்பரில் வந்தது. டிராப்னெல் அதைத் தயங்கித் தயங்கித்தான் எடுத்து வந்தார். அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, எப்படிப் படிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

மதகுக்கு அருகே ஒன்றரை ஏக்கர் கருகிப் பதராகிவிட்டது. மிச்சம் நாலரை ஏக்கர் செப்டம்பர் கடைசியில் பொன்னாக நின்றது. சர்ச்சே திரண்டு வந்து அறுத்தது. அறக்கட்டளையிலிருந்து வந்த ஒருவர் கருகிய பக்கத்தையும் விளைந்த பக்கத்தையும் பார்த்துவிட்டு, வண்டிகளுக்கு வேறு இடம் பார்க்கலாம் என்று எழுதிவைத்துப் போனார். அந்த வயல் இன்றும் இருக்கிறது. அண்ணி அதற்குப் பிறகும் பதினொரு வருடம் மதகைப் பார்த்தாள்.

அறுவடை விருந்துக்கு அவள்தான் சமைத்தாள். வேறு எவரையும் அந்த அரிசியைத் தொட விடவில்லை. உப்பை மட்டும் நான் அளந்து போட்டேன். குழம்பு இல்லை, இறால் இல்லை, வெறும் சோறு. எழுபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு எங்கள் ஆற்றில் விளைந்த முதல் சோறு. முதல் தட்டை டீக்கன் அவளுக்குக் கொடுத்தார். எல்லோரும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

ஒரு வாய் எடுத்து மென்றாள். வெகுநேரம் மென்றாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "எனக்கு ஒண்ணுமே தெரியல, லுவீனியா. சூடா இருக்கு, அவ்வளவுதான் தெரியுது. எப்படி இருக்கு, நீ சொல்லு" என்றாள்.

நான் சாப்பிட்டுப் பார்த்தேன்.

"கொஞ்சம் இனிக்குது அண்ணி. முதல்ல பால் வாசம் வருது. மெல்ல மெல்ல, வறுத்த கடலை மாதிரி ஒரு ருசி பின்னால வருது."

"உப்பு?"

"நான் போட்டது மட்டும்தான் இருக்கு."

தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வாய் எடுத்தாள். "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். அவள் தட்டு காலியாகும்வரை நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.